அண்ணாந்து பார்த்தால் அகப்படாது
கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவையைத் தேடுவோர் மர உச்சியைக் கவனிக்க வேண்டும் என்று இங்கே வந்திருக்கும் கட்டுரையில் இருக்கிறது. கொடைக்கானலில் அப்படி அண்ணாந்து நின்றால் கழுத்து வலிதான் மிச்சம். உயரக் கிளையில் பளிச்சென்று உட்காருவது நீலகிரி ஈப்பிடிப்பான், அது கருநீலம். இந்த ஆரஞ்சுக்காரர் அடிக்காட்டை, அதாவது மரங்களுக்குக் கீழே உள்ள புதரை, விட்டு வெளியே வருவதே அபூர்வம். பாம்பார் சோலைக் காட்டுப் பக்கம் நான் பார்த்ததெல்லாம் இடுப்புக்குக் கீழேதான்: குறிஞ்சிப் புதருக்குள் ஒரு குச்சியில் அசையாமல் இருக்கும், சட்டென்று சருகில் இறங்கி ஒரு பூச்சியைக் கொத்திக்கொண்டு அடுத்த குச்சிக்குப் போய்விடும். நெருப்புத் துண்டு மாதிரி நிறம் இருந்தும் அந்த இருட்டில் கண்ணுக்குத் தட்டுப்படாது. மெல்லிய, கீச்சென்ற குரல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கூடும் தாழ்வாகத்தான், காய்ந்த இலைகளை உருண்டையாகச் சேர்த்து, பெரும்பாலும் இரண்டே முட்டை. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் 'பழுப்புத் தலையோடு பார்த்தேன், வேறு இனமா?' என்று கேட்டிருக்கிறார். இல்லை, அது பெட்டை. ஆணுக்குக் கருப்பாக இருக்கும் இடம் அதற்குக் கரும்பழுப்பு, கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம். சோலை மரங்களை வெட்டாமல் விட்டாலே இது பிழைத்துவிடும் என்ற கட்டுரையின் கணக்கும் எனக்கு ஒப்பவில்லை. 'சுத்தம்' செய்கிறேன் என்று புதரையும் சருகையும் வாரிவிட்டு மரத்தை மட்டும் நிறுத்தினால் இது எங்கே இரை தேடும், எங்கே கூடு கட்டும்? ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் பார்க்கிறவர்கள் அங்கே எப்படி என்று எழுதுங்கள்.