சும்மா இருக்கும் நேரத்தையும் காட்டுங்கள்

கறுப்பின மக்களைப் பற்றி நல்ல படம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் என்னென்ன பெயர்கள் வருகின்றன என்று கவனித்திருக்கிறேன். அடிமைத் தோட்டம், சிறை, போலீஸ் குண்டு, இல்லாவிட்டால் எல்லாத் தடையையும் தாண்டி மேலே வந்த ஒருவரின் வாழ்க்கை. இவற்றில் பல படங்கள் எனக்கும் பிடித்தவை. சிலவற்றைப் பார்த்துவிட்டு விடிய விடியத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். ஆனாலும் ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. ஒரு கறுப்பினக் குடும்பம் திரைக்கு வர வேண்டுமென்றால் அந்த வீட்டில் யாராவது சாக வேண்டும், அல்லது சாதிக்க வேண்டும். சும்மா வாழ்ந்துகொண்டிருப்பவர்களுக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம்.

கிடைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இயக்குநர் சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' படம்.

லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் என்று ஒரு பகுதி. 1965 ஆகஸ்டில் ஒரு கறுப்பின இளைஞரின் காரைப் போலீஸ் நிறுத்தியதில் தொடங்கிய தகராறு ஆறு நாள் கலவரமாகி, 34 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவுக்கு வாட்ஸ் என்றாலே எரியும் கடைகள்தான். பர்னெட் அந்த வாட்ஸில் வளர்ந்தவர். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துக்கொண்டிருந்தபோது, எழுபதுகளின் தொடக்கத்தில், 16 எம்.எம். கேமராவைத் தூக்கிக்கொண்டு அதே தெருக்களுக்குப் போனார். சனி ஞாயிறுகளில் படப்பிடிப்பு. அக்கம்பக்கத்து ஆட்களே பெரும்பாலும் நடிகர்கள். மொத்தச் செலவு 10,000 டாலருக்கும் குறைவு. படிப்பை முடிக்கக் கொடுக்க வேண்டிய மாணவர் படம் அது. ஒரு தீக்குச்சி எரிவதைக்கூட அவர் கலவரத்தின் பெயரால் காட்டவில்லை.

படத்தின் நாயகன் ஸ்டான் ஆடு வெட்டும் தொட்டியில் வேலை செய்கிறார். இரவில் தூக்கம் வருவதில்லை. மனைவி, ஒரு பையன், ஒரு பெண் குழந்தை. அவ்வளவுதான் கதை. சம்பளப் பணத்தில் ஸ்டானும் நண்பரும் ஒரு பழைய கார் இன்ஜினை வாங்கி, மூச்சு முட்டப் படியிறக்கி, வண்டியின் பின்பக்க ஓரத்தில் வைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளலாம் என்கிறார் ஸ்டான். விரலில் அடிபட்ட நண்பர் போதும், அப்படியே நிற்கும் என்கிறார். மேட்டில் வண்டி நகர்ந்ததும் இன்ஜின் தடாலென்று ரோட்டில் விழுகிறது. இறங்கி வந்து பார்க்கிறார்கள். இனி ஒன்றுக்கும் ஆகாது. ஏறிப் போய்விடுகிறார்கள். அழுகை இல்லை, வசனம் இல்லை, பின்னணி இசை இல்லை. பணம் இல்லாத வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்த இருவரின் மௌனம் புரியும்.

இன்னொரு காட்சியில் இரண்டு பேர் ஸ்டானைத் தேடி வருகிறார்கள். ஒருவனைத் தீர்த்துக்கட்ட வேண்டும், நீயும் கூட வா என்கிறார்கள். வேறு படமாக இருந்தால் கதை இங்கேதான் தொடங்கியிருக்கும். துப்பாக்கி வந்திருக்கும், போலீஸ் வந்திருக்கும், கடைசியில் ஸ்டானின் பிணம் வந்திருக்கும். இங்கே அவர் மனைவி வாசலுக்கு வந்து நின்று, மூளையை வைத்துப் பிழைக்கத் தெரியாதா என்கிற மாதிரி இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கி அனுப்புகிறார். அவர்கள் போய்விடுகிறார்கள். படம் திரும்ப அந்த வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஹாலிவுட் அந்த மக்களுக்காக எழுதி வைத்திருந்த கதையை ஒரு பெண் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார் என்றே எனக்குத் தோன்றும். அந்த வேடத்தில் நடித்தவர் கேசி மூர். இவ்வளவு பெரிய நடிகைக்கு ஹாலிவுட் என்ன செய்தது என்று கேட்டால் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை.

இந்தப் படத்துக்கு நேர்ந்ததுதான் என்னை அதிகம் உறுத்துவது. பர்னெட் 1977-இல் முடித்துக் கொடுத்தார். டைனா வாஷிங்டன், பால் ராப்சன் என்று கறுப்பின இசையின் பெரிய குரல்களைப் படம் முழுக்கப் பயன்படுத்தியிருந்தார். மாணவர் படம் என்பதால் பாடல் உரிமை வாங்கவில்லை. வாங்கக் காசும் இல்லை. அதனால் தியேட்டரில் வெளியிட வழியில்லாமல் போனது. 1990-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. அப்போதும் டிக்கெட் வாங்கிப் பார்க்க முடியாது. கடைசியில் யு.சி.எல்.ஏ. ஆவணக் காப்பகம் படத்தைச் சீர்செய்து, இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் போன்றவர்கள் பணம் கொடுத்து உதவ, மைல்ஸ்டோன் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது. பாடல் உரிமைகளுக்கு மட்டும் 1,50,000 டாலர் ஆனது. படம் எடுத்த செலவைப் போல பதினைந்து மடங்குக்கும் மேல். வாட்ஸ் எரிந்த காட்சியை அமெரிக்கா அன்றைக்கன்றே வீட்டு டி.வி.யில் பார்த்தது. வாட்ஸில் ஒரு கணவனும் மனைவியும் ஜன்னல் வெளிச்சத்தில் மெல்ல ஆடுவதைப் பார்க்க முப்பது வருடம் காத்திருந்தது.

அதே 1977 ஜனவரியில்தான் ஓர் அடிமைக் குடும்பத்தின் கதையைச் சொல்லும் 'ரூட்ஸ்' டி.வி. தொடர் எட்டு இரவுகள் தொடர்ச்சியாக ஒளிபரப்பாகி நாட்டையே உட்கார வைத்தது. கடைசிப் பகுதியைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 10 கோடிப் பேர். அப்படியென்றால் அடிமை வரலாற்றைச் சொல்ல வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் சொல்ல வேண்டும், இன்னும் நிறையச் சொல்ல வேண்டும். அந்த வரலாற்றைப் பாடப்புத்தகத்திலிருந்தே எடுக்கத் துடிப்பவர்கள் இருக்கும் நாட்டில் அதைத் திரையில் வைத்திருப்பது அவசியம். என் வருத்தம் அந்தக் கதைகள் மேல் இல்லை. பணமும் விருதும் அந்த ஒரு திசையிலேயே பாய்வதுதான்.

ஆஸ்கரைப் பாருங்கள். கறுப்பின நடிகை ஹாட்டி மக்டேனியல் 1940-இல் வாங்கினார், 'கான் வித் த விண்ட்' படத்தில் வீட்டுப் பணிப்பெண் வேடம். படத்தின் அட்லாண்டா முதல் காட்சிக்கு அவரால் போக முடியவில்லை, நிறப்பாகுபாட்டுச் சட்டம். விருது விழாவிலும் தனி மேசை. ஆக்டேவியா ஸ்பென்சருக்கு 2012-இல் கிடைத்ததும் பணிப்பெண் வேடத்துக்கே. லுபிடா நியோங்கோவுக்கு 2014-இல் அடிமைப் பெண். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸாக வாழ்ந்து காட்டிய டென்சல் வாஷிங்டனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது 2002-இல், ஊழல் போலீஸ்காரராக நடித்ததற்கு. இவர்கள் யாருடைய நடிப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த வேடம் வந்தால் அந்த மேடை எழுந்து நிற்கிறது என்பதுதான் கேள்வி.

சிரிக்க வைக்கும் தொடர்களிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. 1974-இல் 'குட் டைம்ஸ்' வந்தது. சிகாகோவில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம். அம்மாவாக நடித்த எஸ்தர் ரோல், இந்த வீட்டில் அப்பா இருந்தால்தான் நடிப்பேன் என்று பிடிவாதமாக நின்றதால்தான் ஜான் அமோஸின் பாத்திரமே வந்தது. கறுப்பினக் குடும்பம் என்றால் அப்பா ஓடிப்போயிருப்பார் என்று எழுதி வைத்துக்கொண்டிருந்தவர்களிடம் அவர் வாங்கிய இடம் அது. ஆனால் மூத்த பையன் ஜே.ஜே.யின் கோமாளித்தனத்துக்குக் கைதட்டல் விழ விழ, கதை முழுக்க அவன் பக்கம் சாய்ந்தது. தங்கைக்கு டாக்டர் ஆசை, தம்பிக்கு உச்சநீதிமன்ற நீதிபதி ஆசை, அவர்கள் ஓரமாகிவிட்டார்கள். அமோஸ் அந்தப் பிள்ளைகளையும் எழுதுங்கள் என்று சண்டை போட்டார். 1976-இல் அவரை நீக்கி, அப்பா விபத்தில் இறந்துவிட்டதாகக் கதையை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு எஸ்தர் ரோலும் வெளியேறினார் (பிறகு கடைசி சீசனுக்குத் திரும்பி வந்தார்). அவர் போராடிக் கொண்டுவந்த அப்பாவை ஒரு தந்திச் செய்தியில் முடித்துவிட்டார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. எழுதும் அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அந்த வீட்டை அவர்கள் அறிந்தவர்கள் இல்லை.

அறிந்தவர்கள் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 'மூன்லைட்' இருக்கிறது. இயக்குநர் பாரி ஜென்கின்ஸ், மூலக்கதை எழுதிய டாரல் ஆல்வின் மெக்ரேனி, இருவருமே மயாமியின் லிபர்ட்டி சிட்டியில் வளர்ந்தவர்கள். இருவர் வீட்டிலும் அம்மா போதைக்கு அடிமையானவர். படத்திலும் அப்படி ஒரு அம்மா உண்டு, போதைப்பொருள் விற்பவரும் உண்டு. நாம் பலமுறை பார்த்த ஆட்கள்தான். ஆனால் அந்த விற்பவர் கடலில் கதையின் நாயகனான சிறுவனின் தலையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்து நீச்சல் கற்றுக்கொடுக்கிறார். கடைசிப் பகுதியில் பல வருடம் கழித்து வந்த பழைய நண்பனுக்கு ஒருவன் உணவகத்தில் சோறும் கறுப்பு பீன்ஸும் சமைத்துத் தட்டில் அள்ளி வைக்கிறான். கேமரா அவசரப்படாமல் அந்தத் தட்டைப் பார்க்கிறது. காயம் இருக்கும் வீட்டிலும் சமையல் நடக்கும் என்பது அங்கே வாழ்ந்தவருக்குத்தான் முதலில் நினைவுக்கு வரும்.

டி.வி.யில் இப்போது நிலைமை கொஞ்சம் தேவலாம். குவின்டா பிரன்சனின் 'அபாட் எலிமெண்டரி' பிலடெல்பியாவின் ஓர் அரசுப் பள்ளியில் நடக்கிறது. முதல் பகுதியில் பிரச்சினையே வகுப்பறைக்கு ஒரு புதுக் கம்பளம் வாங்குவதுதான். வந்த பணத்தைத் தலைமையாசிரியை தன் படம் போட்ட பெயர்ப்பலகைக்குச் செலவழித்துவிடுகிறார். அரசு கைவிட்ட பள்ளியின் அரசியல் முழுக்க அந்தக் கம்பளத்தில் இருக்கிறது. ஒருவரும் சாகவில்லை.

'கில்லர் ஆஃப் ஷீப்' பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அப்படியே பர்னெட் எழுதி ஒளிப்பதிவு செய்து பில்லி உட்பெரி 1984-இல் இயக்கிய 'ப்ளெஸ் தேர் லிட்டில் ஹார்ட்ஸ்' படத்தையும் பாருங்கள். வேலை கிடைக்காத கணவன், வேலைக்குப் போய்க் களைத்த மனைவி, சமையலறையில் ஒரு சண்டை. ஏறக்குறைய பத்து நிமிடம், வெட்டே இல்லாமல். மனைவியாக வருவது அதே கேசி மூர்தான்.