தண்ணிக்கு முன்னாடி ஒண்ணு இருக்குங்க

போன ஞாயித்துக்கிழமை வாய்க்கால்ல ஒரு தம்பிக்கு ஞானஸ்நானம் குடுத்ததை எல்லாரும் வீடியோவுல பாத்திருப்பீங்க. நான் கரையில நின்னு பாத்தேன். அந்தத் தம்பி முழுகி எந்திரிச்சதும் ட்ரோன் ஓட்டினவர், "படம் சரியா விழலைங்க, இன்னொருக்கா முழுகுங்க"ன்னார். பாஸ்டரும் சிரிச்சுட்டே மறுபடி தண்ணிக்குள்ள அமுக்கினார். எல்லாரும் கை தட்டினாங்க. நாளைக்கு அந்தத் தம்பிக்குக் கல்யாணம். ஞானஸ்நான சர்ட்டிபிகேட் இருந்தாத்தான் சபையில கல்யாணம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேர வகுப்பு. தயாரிப்பு அவ்வளவுதான்.

"இது தப்புங்க ஐயா"ன்னு அங்கயே சொன்னேன். மூணு நாளா குரூப்புல என்னைப் பரிசேயின்னு, பைபிள்ல வர்ற பரிசேயர் மாதிரி சட்டம் பேசறவன்னு பேசறாங்க. பேசட்டும். தண்ணிக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி இருதயம் எறங்கணும். இதுதான் நான் சொன்னது, இப்பவும் அதையேதான் சொல்றேன்.

பைபிள்ல எத்தியோப்பியா மந்திரி ஒருத்தர், தனக்கு இயேசுவைப் பத்திச் சொன்ன பிலிப்புகிட்ட, தண்ணி இருக்கே, ஞானஸ்நானம் வாங்க எனக்கு என்ன தடைன்னு கேட்டார். "நீர் முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை"ன்னுதான பதில் வந்துச்சு? தண்ணியோட ஆழத்தைப் பத்தியா பேச்சு? ஆதித் திருச்சபையில சில இடங்கள்ல மூணு வருசம் வரைக்கும் படிக்க வெச்சாங்க. ஞானஸ்நானம் வாங்கறவங்க ஒரு நாளோ ரெண்டு நாளோ உபவாசம் இருந்தாங்க. கொடுக்கறவரும் இருக்கணும்னு வழக்கம் இருந்துச்சு. கொடுக்கறவரும்!

என் கதையைச் சொல்றேன். நான் ஞானஸ்நானம் கேட்டது ஒரு மே மாசம். கீழ்பவானி வாய்க்கா காஞ்சு கெடந்துச்சு. பவானிசாகர் அணையில தண்ணி விட ஆகஸ்டு ஆகும். தொட்டியில குடுத்துருங்கன்னு அவசரப்பட்டேன். எனக்குப் பாடம் எடுத்த பெரியவர் விவசாயி. "மண்ணை அணைச்சுப் பார் புடிக்காம மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டுவியா கண்ணு?"ன்னார். அப்பறம், "உனக்கு ஆருகூடப் பேச்சு இல்லை?"ன்னு கேட்டார்.

என் தங்கச்சிகூட ஆறு வருசமாப் பேச்சு இல்லை. அம்மாவோட ரெண்டரைப் பவுன் சங்கிலியை, எனக்குத்தான் குடுத்தாங்கன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. அந்தச் சங்கிலியை மணிபர்ஸுல சுருட்டி வெச்சுட்டு சென்னிமலைக்குப் பஸ் ஏறினேன். வாசப்படியில நின்னே வாங்கினா. எண்ணிப் பாக்கற மாதிரி அதைக் கையில தூக்கிப் பாத்தா. உள்ள கூப்பிடலை, தண்ணி வேணுமான்னுகூடக் கேக்கலை, கதவைச் சாத்திட்டா. அழுதுட்டே பெரியவர்கிட்ட வந்து, ஒண்ணும் நடக்கலைங்கன்னேன். "நீ குடுக்கப் போனியா, வாங்கப் போனியா?"ன்னு கேட்டார். அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கலை. என் ஞானஸ்நானம் அந்த வாசப்படியில ஆரம்பிச்சதாத்தான் இன்னைக்கும் நெனைக்கறேன்.

"பைபிள்ல பிலிப்பி ஊர்ச் சிறைச்சாலைக்காரன் அன்னைக்கு ராத்திரியே ஞானஸ்நானம் வாங்கலையா?"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். வாங்கினான். அதே வசனத்துல அதுக்கு முந்தின வரியையும் படிங்க. ஊழியக்காரங்க பவுல், சீலாவோட காயங்களைக் கழுவினான். அவன் காவல்ல, காலைப் பூட்டற தொழுமரத்துல மாட்டிக் கெடந்தவங்களோட காயம். அவன் இருதயம் ஒரே ராத்திரியில எவ்வளவு தூரம் போயிருக்கு பாருங்க! பெந்தெகொஸ்தே நாள்ல பேதுருவோட பேச்சைக் கேட்டு ஒரே நாள்ல மூவாயிரம் பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்கன்னு சொல்றவங்களுக்கும் அதேதான்: அவங்க "இருதயத்திலே குத்தப்பட்டவர்களாகி" நின்னவங்க. நாள்கணக்கு நான் கேக்கலை. குத்துச்சான்னுதான் கேக்கறேன்.

கொழந்தைங்களுக்குக் குடுக்கற சபைகளைப் பத்திக் கேட்டவங்களுக்கு: அவங்க பிற்பாடு, கொழந்தை வளந்து தன் வாயாலயே விசுவாசத்தை உறுதி பண்ற திடப்படுத்தலுக்கு வகுப்பு வெச்சிருக்காங்க. அது வேற பேச்சு.

"நேத்து வந்தவ எங்களுக்குப் பாடம் எடுக்கறா"ன்னு ஒரு அக்கா எழுதியிருந்தீங்க. அது வலிக்குதுங்க. நேத்து வந்தவதான். பரம்பரையா வந்தவங்களுக்கு இது பொறப்போட கெடைச்சுது. எனக்கு அப்படி இல்லை. நான் தண்ணியில எறங்கின அன்னைக்கு எங்க வீட்டுல இருந்து ஒருத்தரும் வரலை. கரையில பெரியவரும் அவர் சம்சாரமும் மட்டும்தான் நின்னாங்க. எங்கப்பாரு சாகற வரைக்கும் என் கையால ஒரு வாய்க் காப்பி குடிக்கலை. இவ்வளவு குடுத்து வாங்கினதை, ட்ரோனுக்காக ரெண்டு தடவை முக்கி எடுத்தா, நான் கை தட்டிட்டு நிக்கணுமா?

அந்தத் தம்பி மேல எனக்குக் கோவமே இல்லை. அவருக்கு ஆரும் ஒண்ணும் சொல்லித் தரலை. எல்லாரும் பிரியாணிக்குப் போனப்பறம் ஈரத்துணியோட என்கிட்ட வந்து நின்னார். ஒதடு நடுங்குச்சு.

"அக்கா, இதுல எதுங்க கணக்கு? மொத முழுக்கா, ரெண்டாவதா?"

எனக்குச் சட்டுனு பதில் வரலை. கல்யாணம் முடிஞ்சு ஒறம்பரையெல்லாம் போனதும், பொண்ணையும் கூட்டிட்டு வீட்டுக்கு வா சாமி, உக்காந்து பேசலாம்னேன். வர்றேன்னு சொல்லியிருக்கார்.