போலாரி எந்த வகை?
ஒருபாலீர்ப்பைக் குறிக்கும் பூடகச் சொற்கள் அனைத்தும் வெளியார் கூச்சப்பட்டுப் போட்ட திரை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. பிரிட்டிஷ் நாளிதழ்களின் இரங்கல் குறிப்புகளில் வந்த ‘கடைசிவரை மணம் செய்துகொள்ளாதவர்’ அந்த ரகம். சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வதற்கு நம் இலக்கணம் தரும் பெயர் இடக்கரடக்கல். ஆனால் போலாரி என்ற பிரிட்டிஷ் ரகசிய மொழி? பொற்கொல்லர்கள் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல, போலீசுக்கு அஞ்சி ஒருபாலீர்ப்புள்ள ஆண்களே தமக்குள் புழங்கிய குழூஉக்குறி அது. ஒருபாலீர்ப்புள்ள ஆணுக்கு அதில் ‘ஓமி-பலோனி’ என்று பெயர். ஆண், பெண் என்ற இரு சொற்களின் ஒட்டு. பிபிசி வானொலியின் ‘ரவுண்ட் த ஹார்ன்’ நகைச்சுவை நிகழ்ச்சியில் ஜூலியன், சாண்டி என்ற இரு பாத்திரங்கள் 1965 முதலே இதைக் கலந்துதான் பேசிக்கொண்டார்கள். ஆண்களின் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய சட்டம் இங்கிலாந்தில் தளர்ந்ததோ 1967இல். அதற்கு முன்பே ஞாயிறு மதியங்களில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்றே விளங்கியிருக்காது.