காப்பியில் படம் கழுவினால் எல்லாம் பாதுகாப்பா?

“இருட்டறையில் காப்பித்தூள் டெவலப்பரைப் பயன்படுத்தினால் நச்சே கிடையாது, கழிவுநீரைச் செடிக்கே ஊற்றலாம்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. (டெவலப்பர் என்பது புகைப்படச் சுருளிலோ தாளிலோ பதிந்த படத்தைத் தெரியவைக்கும் கரைசல்.) இதில் பாதிதான் உண்மை.

1995-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் உருவான காஃபினால் என்னும் இக்கலவை, இன்ஸ்டன்ட் காப்பித்தூள், சலவைச் சோடா ஆகியவற்றால் ஆனது. பின்னாளில் வைட்டமின் சி சேர்ந்தது. ஹைட்ரோகுவினோன் என்னும் வேதிப்பொருள் கலந்த டெவலப்பரை விட இது சாதுவானதுதான். ஆனால் சலவைச் சோடா கண்ணையும் தோலையும் எரிக்கும். அச்சுத்தாளிலோ பழுப்புக் கறை படியும்.

முக்கியமான சிக்கல் அடுத்த கரைசல் தட்டில் இருக்கிறது. எந்த டெவலப்பரைப் பயன்படுத்தினாலும் படம் நிலைக்க ஃபிக்சர் என்னும் கரைசல் வேண்டும். தாளில் ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுப்பதால், பயன்படுத்திய ஃபிக்சரில் வெள்ளி சேர்ந்திருக்கும். அதைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றாமல், தனிக் கேனில் சேர்த்து, வெள்ளி பிரித்தெடுப்போரிடம் கொடுப்பதே முறை.

நச்சைக் குறைக்க விரும்புவோர், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அசிட்டிக் அமிலக் கரைசலுக்கு (ஸ்டாப் பாத்) பதிலாக சிட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம். மூக்கைத் துளைக்கும் நெடி இருக்காது. ஒவ்வொரு பொருளின் தன்மையையும் தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத்தாளில் சரிபார்க்கலாம். அச்செய்தியை மேலும் பகிர வேண்டாம்.