இடது ஹாஃப் இடத்தில் யாரை நிறுத்துவது?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் பள்ளி ஹாக்கி அணிகளில் யார் எங்கே ஆடுவது என்பது பெரும்பாலும் ஒரே வழியில்தான் முடிவாகிறது. வேகமாக ஓடி கோல் அடிக்கும் பிள்ளைக்கு ஃபார்வர்டு இடமும், ஓங்கி அடிக்கத் தெரிந்தவருக்குக் கோலுக்கு முன் நின்று காக்கும் ஃபுல் பேக் இடமும் போக, மீதமிருப்பவரை இடது ஹாஃபில், அதாவது இவ்விரண்டுக்கும் நடுவே இடப்பக்கம் காக்கும் இடத்தில், நிறுத்திவிடுகிறோம். எதிரணியில் யார் எங்கே ஆடுகிறார் என்று பார்க்காமலே இடங்களைப் பங்கிடும் இந்தப் பழக்கத்தைப் பயிற்சியாளர்கள் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

ஹாக்கி மட்டையின் வளைந்த பின்பக்கத்தால் பந்தை ஆடக் கூடாது. இடக்கை மட்டை என்று ஒன்று ஆட்டத்தில் கிடையாது; எல்லோருக்கும் தம் வலப்பக்கத்தில் ஆடுவதே எளிது. ஆகவே, எதிரணியின் வலது விங்கர் கோட்டோரமாகப் பந்தைக் கொண்டுவரும்போது, அது நம் இடது ஹாஃபின் ரிவர்ஸ் பக்கத்தில், அதாவது மட்டையைத் திருப்பிப் பிடித்தால்தான் எட்டும் பக்கத்தில் வருகிறது. தற்காப்பில் இதைவிடக் கடினமான வேலை அரிது. அங்கே நிற்பவர் முதலில் நகர்ந்து நின்று கோட்டுப் பக்கத்தை அடைத்து, விங்கரை உள்ளே திருப்ப வேண்டும். உள்ளே, நடுவில் ஆடும் சென்டர் ஹாஃப் தயாராக நிற்க வேண்டும். வேகமான விங்கருக்கு வேகமான பிள்ளையைத்தான் எதிரே நிறுத்த வேண்டும் என்பதில்லை. பந்து எகிறிக் குதிக்கும் நம் மண் மைதானங்களில், பாய்ந்து மட்டை போடுபவரைவிட, பின்வாங்கியபடியே காத்திருக்கத் தெரிந்தவர்தான் அந்த இடத்துக்குப் பொருத்தமானவர்.

ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆனால், காக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்டுவிட்டால் அது முடியும்வரை மாற்ற முடியாது. கோல்கீப்பரோடு சேர்ந்து காக்கும் நால்வரில், பந்தை அடிப்பவரை நோக்கி முதலில் பாய்ந்து ஓடுபவர் அப்போது பெஞ்சில் இருந்தால், அந்த வேலையை யார் செய்வது? 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய இந்தியத் தற்காப்பு வீரர் அமித் ரோஹிதாஸ், கார்னர்களில் முதலில் ஓடும் வீரர். எஞ்சிய பத்துப் பேர் பிரிட்டனை 1-1 என்று நிறுத்தி ஷூட் அவுட்டில் வென்றார்கள். தடையால் அவர் ஆடாத அரையிறுதியில், ஜெர்மனியின் முதல் கோல் பெனால்டி கார்னரில் விழுந்தது; இந்தியா 2-3 என்று தோற்றது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும், ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் பழகியிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முகக்கவசமும் முழங்கால் காப்பும் இல்லாத பிள்ளையைக் கார்னரில் முதலில் ஓடும் வேலைக்கு அனுப்பவே கூடாது. அவை வாங்கப் பணமில்லை என்றால், கார்னரின்போது எல்லோரையும் கோல் கோட்டருகே நிறுத்துங்கள்; ஒரு கோல் போனாலும் பரவாயில்லை.

போட்டிக்கு முந்தைய நாளே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, நாளை யாரை எதிர்கொள்ளப் போகிறார், அந்த வேலையை ஏன் அவருக்குக் கொடுத்திருக்கிறோம், அவர் வெளியே வந்தால் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும்.