காந்தமும் சோயாபீன்ஸும்

2025 அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசான் நகரில், ஒரு விமானத் தளத்தில், டொனால்ட் டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார்கள். தைவான் பற்றிய பேச்சே எழவில்லை என்று டிரம்ப் பின்னர் செய்தியாளர்களிடம் சொன்னார். எழுந்தவை, அமெரிக்க உழவர்கள் விற்க முடியாமல் வைத்திருந்த சோயாபீன்ஸும், சீனா தரத் தயங்கிய, வலிமையான காந்தங்கள் செய்ய வேண்டிய அருமண் தனிமங்களும், ஃபென்டனில் என்ற போதைமருந்தின் பேரால் போடப்பட்டிருந்த இறக்குமதி வரியும்தான். சீனா ஆண்டுக்கு 2.5 கோடி டன் சோயாபீன்ஸ் வீதம் மூன்றாண்டுகளுக்கு வாங்கும், அக்டோபர் 9 அன்று அறிவித்த புதிய ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளை ஓராண்டுக்கு நிறுத்திவைக்கும், பதிலுக்கு அமெரிக்கா அந்த ஃபென்டனில் வரியை 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கும் என்று வாஷிங்டன் அறிவித்தது. அணுகுண்டுகளை அடுக்கி வைத்திருக்கும் இரண்டு நாடுகள் மண்டிக் கடைக்காரர்களைப் போலப் பேரம் பேசியதைக் கேலி செய்வது எளிது. என் கணிப்பில், அந்த ஆண்டின் மிக நேர்மையான அரசியல் பேச்சு அதுதான். யாருக்கு எது இல்லாமல் முடியாது என்பதை இருவரும் மறைக்காமல் மேசையில் வைத்தார்கள்.

இந்த விவகாரத்தைப் பேசும்போது நண்பர்கள் பெரும்பாலும் டாலர் கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். 2024இல் அமெரிக்கா சீனாவிடமிருந்து இறக்குமதி செய்த சரக்குகளின் மதிப்பு ஏறத்தாழ 43,900 கோடி டாலர். சீனா அமெரிக்காவிடமிருந்து வாங்கியது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே விற்பவன்தான் வாங்குபவனுக்கு அஞ்ச வேண்டும் என்பது அவர்களது வாதம். டிரம்ப்பின் ஆலோசகர்களும் இந்தக் கணக்கைத்தான் நம்பினார்கள் என்று தோன்றுகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்க வரி 145 விழுக்காட்டையும் சீன வரி 125 விழுக்காட்டையும் தொட்டன. ஆனால் மே 12 அன்று ஜெனீவாவில் அவை முறையே 30 ஆகவும் 10 ஆகவும் இறங்கின. ஏறத்தாழ ஒரு மாதத்தில் இப்படி இறங்கி வர வைத்தவற்றுள் பங்குச் சந்தையின் ஆட்டமும் உண்டு, காலியாகிவிடும் கடை அலமாரிகள் பற்றிய அச்சமும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது, ஏப்ரல் 4 அன்று பெய்ஜிங் ஓசையின்றிச் செய்த ஒரு காரியம்: டிஸ்ப்ரோசியம், டெர்பியம், சமேரியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களையும் அவற்றால் செய்த காந்தங்களையும் உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அது உத்தரவிட்டது. காந்தம் கிடைக்காமல் மே மாதத்தில் சிகாகோவிலுள்ள ஃபோர்டு ஆலை எக்ஸ்ப்ளோரர் வண்டியின் உற்பத்தியை ஒரு வாரம் நிறுத்தியது. ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் வண்டிக்கும் இதே கதி நேர்ந்தது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்குப்படி, 2024இல் அந்நாடு இறக்குமதி செய்த அருமண் சேர்மங்கள், உலோகங்கள் எல்லாவற்றின் மதிப்பும் சேர்ந்து ஏறத்தாழ 17 கோடி டாலர்தான். 43,900 கோடிக்கு முன்னால் இது கொசுறுக் காசு. அந்தக் கொசுறு இல்லாமல் மின்மோட்டார் சுழலாது, ஏவுகணையின் வால் திரும்பாது, எஃப்-35 போர் விமானம் முழுமையடையாது. ஒரு நாடு இன்னொன்றைச் சார்ந்திருக்கும் அளவை வணிகத் தொகையால் அளக்க முடியாது. அந்தப் பொருளுக்கு மாற்று வர எத்தனை ஆண்டு ஆகும் என்பதைக் கொண்டுதான் அளக்க முடியும்.

இந்தப் பிடி சீனாவின் கைக்கு எப்படிப் போனது என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், ஏனென்றால் அதில் சதி எதுவும் இல்லை. கலிபோர்னியாவின் மவுன்டன் பாஸ் சுரங்கம்தான் 1960களிலிருந்து 1980கள் வரை உலகின் முதன்மையான அருமண் ஊற்று. வண்ணத் தொலைக்காட்சியின் சிவப்பு நிறத்துக்கு வேண்டிய யூரோப்பியம் அங்கிருந்துதான் வந்தது. நியோடிமியம் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனமும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியே கண்டுபிடித்தன. ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தப் பிரிவான மேக்னிகுவெஞ்சை 1995இல் விற்றது. வாங்கிய கூட்டில் சீன நிறுவனங்களும் இருந்தன. சில ஆண்டுகளில் இந்தியானா மாநில ஆலைகள் மூடப்பட்டு உற்பத்தி சீனாவுக்குப் போனது. கழிவுநீர்க் குழாய்க் கசிவு வழக்குகளும் சீன விலையும் சேர்ந்து நெருக்கியதில் 2002இல் மவுன்டன் பாஸும் மூடியது. மீண்டும் திறந்த நிறுவனம் 2015இல் திவாலானது. அதன்பின் வந்த புதிய நிறுவனமோ, தோண்டிய தாதுவைப் பிரித்தெடுக்கச் சீனாவுக்கே பல ஆண்டுகள் கப்பலேற்றியது. ஒவ்வொரு முடிவையும் தனித்தனியே பார்த்தால் எந்தக் கணக்காளரும் அதைச் சரியென்றுதான் சொல்லியிருப்பார்.

அருமண் என்ற பெயரில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இந்தப் பதினேழு தனிமங்களில் பெரும்பாலானவை பூமியில் அப்படியொன்றும் அரிதல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிப்பதுதான் அரிது. வேதியியல் குணத்தில் இரட்டைப் பிள்ளைகளைப் போன்ற இவற்றை அமிலத்திலும் கரைப்பான்களிலும் நூற்றுக்கணக்கான படிநிலைகளில் மீண்டும் மீண்டும் கலக்கிப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கழிவு சேரும்; கூடவே தோரியத்தின் கதிரியக்கமும் வரும். உள் மங்கோலியாவின் பாவ்டோ நகருக்கு வெளியே தேங்கி நிற்கும் கழிவு ஏரி அந்த மலிவு விலையின் மறுபக்கம். உலக அருமண் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு இன்று சீனாவில் நடக்கிறதென்றால், மற்ற நாடுகள் வேண்டாமென்று தள்ளிய அழுக்கையும் அந்த அழுக்கோடு வந்த கைத்தேர்ச்சியையும் அது முப்பது ஆண்டுகளாகச் சேர்த்து வாங்கிக்கொண்டது என்று பொருள். 2010இல், ஜப்பானும் சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகளருகே நடந்த படகு மோதலுக்குப் பிறகு சீனா இதே சரக்கை ஜப்பானுக்கு நிறுத்தியது. ஜப்பான் உடனே ஆஸ்திரேலியாவின் லைனஸ் என்ற அருமண் சுரங்க நிறுவனத்தில் பணம் போட்டது, இருப்பு வைத்தது, பயன்பாட்டைக் குறைக்க ஆய்வு செய்தது. இவ்வளவுக்கும் பிறகு பத்தாண்டுகளுக்கு மேலாகியும், 90 விழுக்காட்டளவில் இருந்த அதன் சார்பு 60 அளவுக்குத்தான் இறங்கியிருக்கிறது.

சோயாபீன்ஸ் கதை இதற்கு நேர் எதிர். சீனா ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பன்றிக்கும் கோழிக்கும் அதுதான் தீவனம். 2018இன் முதல் வரிப்போரிலேயே அது பிரேசில் பக்கம் திரும்பப் பழகிவிட்டது. ஆகவே 2025 அறுவடைக் காலத்தில் அமெரிக்காவிடம் புதிதாக எதுவும் வாங்காமல் மாதக்கணக்கில் இருக்க அதனால் முடிந்தது. 1985இல் ஷி ஜின்பிங் இளம் அதிகாரியாக வேளாண்மை பார்க்கப் போய்த் தங்கிய அயோவா மாநிலத்தின் உழவர்களும் அதில் அடிபட்டார்கள். இங்கே வாங்குபவருக்கு வேறு கடை இருந்தது. காந்தத்தில் அமெரிக்காவுக்கு இல்லை.

சீனாவுக்கு வேறு கடை இல்லாத இடம் சிப். 2022 அக்டோபர் 7 அன்று பைடன் அரசு விதித்த சிப் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளும், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் சிப்பில் மின்சுற்றுகளை அச்சிடும் தன் மிக நவீன இயந்திரங்களைச் சீனாவுக்கு விற்க முடியாமல் இருப்பதும் அதற்கு வலிக்கும் இடங்கள். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. என்விடியாவின் எச்20 என்ற செயற்கை நுண்ணறிவுச் சிப்பைச் சீனாவுக்கு விற்பதை 2025 ஏப்ரலில் தடுத்த அமெரிக்க அரசு, ஜூலையில் மனம் மாறியது. ஆகஸ்டில் அந்த விற்பனையில் 15 விழுக்காடு தனக்கு வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு வந்தது. நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்தான பொருள், தரகு கிடைத்ததும் அவ்வளவு ஆபத்தாகத் தெரியவில்லை போலும். அதே ஜூலையில் பென்டகன் மவுன்டன் பாஸ் நிறுவனத்தில் 40 கோடி டாலர் போட்டு, அதன் நியோடிமியம் கலவைக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்று பத்தாண்டுகளுக்கு அடிவிலையும் உறுதி செய்தது. நெல்லுக்கு நாம் தரும் ஆதரவு விலையைச் சந்தைக் கேடு என்று உலக வர்த்தக அமைப்பில் குறைகூறிவந்த நாடு அது.

வணிகம் பெருகினால் போர் வராது என்பதை நான் நம்புவதில்லை. 1941இல் ஜப்பான் தன் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடமிருந்துதான் பெற்றது. அந்தக் கோடையில் சொத்துகள் முடக்கப்பட்டு எண்ணெய் நின்றதும் டோக்கியோ அடங்கிப்போகவில்லை. கையிருப்பு தீருவதற்குள் அடித்துவிட வேண்டுமென்று கணக்குப் போட்டது. டிசம்பரில் பெர்ல் துறைமுகம் எரிந்தது. அங்கே பிடி ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. இன்று காந்தமும் சிப்பும் இரு பக்கமும் பிடித்திருப்பதால்தான் பூசானில் ஒருவர் மற்றவரின் பேச்சைக் கேட்டார்கள். எனவே, சார்பை அறுத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று இரு தலைநகரங்களிலும் பேசப்படுவது எனக்கு அச்சம் தருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் விடுபட மாட்டார்கள். முதலில் விடுபடுபவருக்கும் இன்னும் விடுபடாதவருக்கும் இடைப்பட்ட அந்தச் சில ஆண்டுகளில்தான், தைவான் பற்றிய பேச்சு மேசைக்கு வரும்.

இந்தப் பிடியில் மூன்றாம் நாடுகளும் மாட்டிக்கொள்கின்றன. 2025இல் நம் வாகன ஆலைகளும் காந்தத்துக்காகச் சீன உரிமத்தை எதிர்நோக்கி நின்றன. அப்போது முகநூலில் பலர், குமரிக் கடற்கரையில் மணல் இருக்கிறதே, தோண்டினால் என்ன என்று எழுதினார்கள். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற அருமண் தாது இருப்பது, இங்கிருந்து ஐரோப்பா போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1909இல் கவனித்த நாளிலிருந்தே உலகுக்குத் தெரியும். நூறாண்டுக்கு மேலாக நம்மிடம் மணல் இருக்கிறது. பெரிய அளவில் பிரித்தெடுத்து, உலோகமாக்கி, காந்தமாக்கும் ஆலைகள் இல்லை. அந்த ஆலைகளைப் பற்றிப் பேசாமல் மணல் அகழ்வுக்குக் கிள்ளியூர் வட்டத்து மக்கள் காட்டும் எதிர்ப்பை மட்டும் வளர்ச்சிக்குத் தடை என்பவர்கள், பாவ்டோ ஏரியின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம். மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஆண்டுக்கு 6,000 டன் காந்த உற்பத்திக்கென 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதன் காலம் ஏழாண்டு, முதல் இரண்டாண்டு ஆலை கட்டுவதற்கே. பூசானில் கிடைத்த இடைநிறுத்தமோ 2026 நவம்பர் 10 வரைதான்.