மூடுபனியில் யாரும் தனியாக இல்லை
பனிக்காலம் மனிதர்களை வீட்டுக்குள் அடைத்துத் தனிமையில் தள்ளிவிடும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்காட்டில் பிறந்து வளர்ந்த என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இங்கே வெண்பனி கொட்டுவதில்லை. ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி மூடுபனி இறங்கினால் எதிர்வீடுகூடத் தெரியாது. காப்பிப் பழம் பறிக்கும் காலமும் அதுதான். விடிந்ததும் விடியாததுமாகப் பெண்கள் கூட்டமாகத் தோட்டத்துக்குக் கிளம்புவார்கள். பேச்சுச் சத்தத்தை வைத்துத்தான் யார் போகிறார்கள் என்று தெரியும். அப்பா இறந்த வருடம் நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். சேலத்திலிருந்து பள்ளித் தோழிகள் இருவர் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வந்து, "போர்வைகள் கொண்டு வந்திருக்கிறோம், தனியாக இருக்கும் முதியவர்களின் வீடு உனக்குத்தானே தெரியும், வா" என்று இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பாட்டி போர்வையை வாங்கி முதலில் என் தோளில் போர்த்தி, சுக்குக் காப்பி கொடுத்து, அப்பாவைப் பற்றிக் கேட்டார். அன்றுதான் வாய்விட்டு அழுதேன். அந்தக் கட்டுரைக்குக் கனடாவிலிருந்து கருத்து எழுதிய வாசகர், தங்கள் ஊர்க் குளிரில் இப்படி ஒருவரையொருவர் தேடிப் போவதெல்லாம் நடக்காது என்கிறார். பக்கத்து வீட்டு முதியவரின் வாசலில் குவிந்த பனியைத் தினமும் வாரித் தள்ளுவதாக அவரே எழுதியிருக்கிறாரே! அந்த முதியவர் கதவைத் திறந்து இரண்டு வார்த்தை பேசாமலா இருப்பார்? நாங்கள் மூவரும் இந்த மார்கழியிலும் போகிறோம். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.